மார்கழிக்கு ஓர் அறை

சென்னை
நவம்பர் 9

அன்புள்ள முத்தையா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பதில் எழுதாமல் இருந்தது சோம்பலால் இல்லை, நீ சொன்ன வேலையாகத்தான் அலைந்துகொண்டிருந்தேன். ‘கச்சேரிக்கு ஆறு நாள் வருகிறோம், எங்கே தங்கினாலும் சரி, ராத்திரி தூங்க முடிய வேண்டும்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். ஹாஸ்டலில் என் குறட்டைக்குப் பயந்து பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடியவன் நீ. இலஞ்சியில் தவளைச் சத்தத்தைக் கேட்டுத் தூங்கிப் பழகியவனுக்குச் சென்னையில் அறை பார்ப்பது லேசான காரியமா?

என் வீட்டுக்கே வந்துவிடு என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் மேல் வீட்டில் தரையை மாற்றுகிறார்கள். காலை ஒன்பது மணிக்கு டைல்ஸ் வெட்டும் மெஷின் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை பல் கூசுகிறது. பொங்கலுக்குள் முடிந்துவிடுமாம். எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.

யாரைக் கேட்டாலும் கச்சேரிக்கு வருகிறவர்கள் மயிலாப்பூரில்தானே தங்க வேண்டும் என்கிறார்கள். அங்கே மட்டும் வேண்டாம். நாலு வருஷம் முன்னால் கோமதியின் அண்ணன் குடும்பத்துக்கு அங்கே ஒரு லாட்ஜ் பிடித்துக் கொடுத்தேன். படத்தில் சன்னலைத் திறந்தால் தென்னை மரம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் தென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு! வைகாசி முகூர்த்தம் வேறு. ராத்திரி பதினொன்று வரை ரிசப்ஷன் மெல்லிசை. அது ஓய்ந்ததும் சிமெண்டுத் தரையில் அண்டாவை இழுக்கிற சத்தம். மூன்று மணிக்குத் தேங்காய் உடைக்க ஆரம்பித்தார்கள், நாலரைக்கு நாதஸ்வரம். மச்சான் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆனால் யோசித்துப் பார், மார்கழியில் கல்யாணம் கிடையாது. வைகாசியில் வருகிறவன் மண்டபத்தைக் கண்டால் ஓட வேண்டும். மார்கழியில் வருகிறவன் அதே மண்டபத்துக்குப் பக்கத்திலேயே நிம்மதியாகப் படுக்கலாம், கோயில் பக்கம்தான் போகக் கூடாது. விடிவதற்கு முன்னால் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிபெருக்கியில் வந்துவிடும். ஆடி மாதமென்றால் அம்மன் கோயில் தெருவையெல்லாம் பட்டியலிலிருந்தே தள்ளுபடி செய்துவிட வேண்டும். ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஆண்டாளிடம் அதை யார் போய்ச் சொல்வது? அதனால் அமைதியான ஏரியா எது என்று இப்போதெல்லாம் யாராவது கேட்டால், எந்த மாசம் வருகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். இது போதாதென்று லஸ், மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ வேலை. திருமயிலையில் இரண்டு தடங்கள் பூமிக்கடியில் சந்திக்கப் போகின்றன. அது முடிகிற வரை ஆட்டோக்காரர்கள் எந்தச் சந்துக்குள் புகுந்து போவார்கள் என்று சொல்ல முடியாது.

மற்ற இடங்களையும் பார்த்தேன். எழும்பூர் கென்னட் லேனில் ரயிலை விட்டு இறங்கியதும் அறை கிடைக்கும், தூக்கம் கிடைக்காது. கல்யாணமாகாத பையன்கள் தங்குகிற திருவல்லிக்கேணி மேன்ஷன் நம் வயசுக்கு ஆகாது. கச்சேரி நடக்கிற வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இருப்பதால் தி. நகரை ஒரு நிமிஷம் யோசித்தேன். உஸ்மான் சாலைக் கூட்டம் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். பெசன்ட் நகர் நல்ல இடம்தான், ஆனால் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளிப் பார்க்க வேண்டும். கடலைப் பார்த்த அறை என்று ஆசைப்பட்டால், சனி ஞாயிறு ராத்திரி கடலைவிட பைக் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

கடைசியில் அடையாறு கஸ்தூர்பா நகரில் ஒரு குறுக்குத் தெருவில் அமைந்தது. 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை பக்கத்தில் இருப்பதால், வெளியூர்க்காரர்களுக்கு வாரக் கணக்கில் அறை விடுகிற வீடுகள் அந்தப் பக்கம் உண்டு. நோயாளியோடு வந்தவர்கள் தங்குகிற இடம். உரக்கப் பேச யாருக்கும் மனசு வராது.

பகலில் பார்த்தால் எல்லா அறையும் அமைதியாகத்தான் இருக்கும் என்று ராத்திரி பத்து மணிக்குப் போனேன். கூடவே கோமதியையும் கூட்டிக்கொண்டு போனேன், ஏனென்றால் என் இடது காதை நம்பி இந்த மாதிரி வேலை செய்ய முடியாது. வீட்டுக்காரர் பால்கனி வைத்த முன்பக்க அறையைப் பெருமையாகத் திறந்துவிட்டார். இவள் ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கட்டில் நுனியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். இரண்டு நிமிஷம் கழித்து, “லிஃப்ட்” என்றாள். யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கிறார்கள். ‘தயவுசெய்து கதவை மூடவும்’ என்று ஒரு பெண்குரல் விடாமல் கெஞ்சிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கவே இல்லை.

பின்பக்க அறைக்குப் போனோம். சன்னலுக்கு வெளியே மாமரம், அதற்கப்பால் மதில். எப்போதாவது தூரத்தில் பறக்கும் ரயில் போகிறது, அவ்வளவுதான். அதோடு விட்டாளா? பக்கத்து மனையில் யாராவது வீடு இடிக்கிறார்களா என்று மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தாள். அடையாறில் இப்போது பெரிய தொல்லை இதுதான். பழைய தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். பகலில் கனரக லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் கான்கிரீட் வண்டி ராத்திரியில்தான் வந்து நிற்கும். நல்ல வேளை, அந்தத் தெருவில் அப்படி எதுவும் இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டேன். காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். அதற்கு முன்னால் நீ எழுந்து காபிக்கு அலைந்துகொண்டிருப்பாய், தெரியும்.

பொதிகையில் வந்தால் எழும்பூர் வரை போகாதே. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டிக்கு வந்துவிடு, ஆட்டோவோடு நிற்கிறேன். மயிலாப்பூர் போக கஸ்தூர்பா நகர் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் நாலாவது நிறுத்தம் திருமயிலை. போகும்போது மட்டும் அதில் போ. ஸ்டேஷன்களில் படி அதிகம், ராத்திரியில் ஆள் நடமாட்டமும் குறைவு, அதனால் கச்சேரி முடிந்து திரும்பும்போது ஆட்டோதான். மதினிக்கு மாட வீதி பஜனை பார்க்க ஆசை இருந்தால் ஒருநாள் விடியற்காலையில் நான் கூட்டிப்போகிறேன், நீ தூங்கு. இன்னொரு நாள் பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போகலாம், ஞாயிறு வேண்டாம், மூடியிருக்கும். அங்கே இருக்கிற பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது. விழுதுகள்தான் இப்போது மரமாக நிற்கின்றன.

நம்ம பால்ராஜுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கர் இல்லாமல் நடக்கிறான். மத்தியானக் கச்சேரிகளுக்கு வருகிறேன் என்கிறான். பல சபாக்களில் அதற்கு டிக்கெட் கிடையாது, சின்னப் பிள்ளைகள் பாடுவார்கள். எனக்கும் சாயங்காலத்தைவிட அதுதான் பிடிக்கும். கேன்டீனில் இடமும் கிடைக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தத் தெருமுனையில் செவலை நாய் ஒன்று இருக்கிறது. நாங்கள் போன அன்றைக்கு ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் கோமதிக்கு அதன்மேல் சந்தேகம் போகவில்லை, இன்னொரு ராத்திரி போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள். மதினிக்கு நாய் என்றால் பயமா? அதைப் பதிலில் எழுது.

அன்புடன்,
சங்கரன்