மழைக்கால அறிக்கை எழுதப்போகும் மகளுக்கு

கண்ணு,

செய்தி மக்கள் தொடர்புத் துறையில் உனக்கு இது முதல் வடகிழக்குப் பருவமழை. போன வருஷக் கோப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கு முன் இந்த வாக்கியத்தைப் பார்: "அணையிலிருந்து உபரிநீர் வெளியேற்றப்பட உள்ளதால் கரையோர மக்கள் எச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இலக்கணம் சுத்தம். ஆனால் குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றோரம் குடியிருப்பவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எத்தனை மணிக்கு, எந்தத் தெரு, எங்கே தங்குவது, ஒன்றும் இல்லை. 'படுகிறது' போட்டால் திறந்தவர் யார் என்பதும் மறைந்துவிடும். பாதிப் பேர் அதற்காகவே போடுகிறார்கள்.

இப்படி எழுது: "மோர்தானா அணை நிரம்பிவிட்டது. ஆற்றோரத் தெருக்களில் இருப்பவர்கள் மாலை 6 மணிக்குள் நகராட்சிப் பள்ளிக்குப் போய்விடுங்கள். ரேஷன் கார்டு, மாத்திரை கையில் இருக்கட்டும். மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுங்கள்." மைக் கட்டிய ஆட்டோ ஒரு வீட்டைக் கடக்கும் பத்துப் பதினைந்து நொடிதான் காதில் விழும். அதனால் தெருப்பெயர் முதலில் வரட்டும், 'மாவட்ட நிர்வாகத்தின் சார்பில்' கடைசியில் வரட்டும். பேரணாம்பட்டு மாதிரி ஊர் என்றால் உருதுவிலும் சொல்ல ஆள் வை.

கனஅடியை அப்படியே விடாதே. 1 கனஅடி 28.3 லிட்டர். வினாடிக்கு 1,000 கனஅடி என்றால், 12,000 லிட்டர் தண்ணி லாரி இரண்டுக்கும் மேல், ஒவ்வொரு வினாடியும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் திறந்த 29,000 கனஅடி, அந்தக் கணக்கில் 68 லாரி. அதைவிட, எந்தத் தரைப்பாலம் முழுகும் என்று சொன்னால் இன்னும் சட்டென்று புரியும்.

'வரலாறு காணாத மழை' வேண்டவே வேண்டாம். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்ததற்கு அங்கே நினைவுத்தூணே நிற்கிறது. 'நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது' என்பதும் அப்படித்தான்: இடுப்பளவுத் தண்ணீர் வீடியோ வாட்ஸப்பில் சுற்றும்போது அதைச் சொன்னால், அடுத்து நீ 'வெளியேறுங்கள்' என்றாலும் நம்ப மாட்டார்கள்.

உயிரிழப்பு எண்ணிக்கைக்கு 'இரவு 8 மணி நிலவரப்படி' என்று நேரம் போடு. அடுத்த அறிக்கை எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லிவிடு. புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த மணிக்குக் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் அந்த இடத்தில் வதந்தி வந்து உட்காரும்.

கடைசியில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077 போடுவாய் அல்லவா? அச்சுக்குப் போகும் முன், ராத்திரி 2 மணிக்கு உன் சொந்த செல்லிலிருந்து ஒரு தடவை அடித்துப் பார்.

அப்பா
காட்பாடி