பேத்திக்குப் பெயர் வைத்த கதை

காவேரிப்பட்டணம்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு மசக்கை தீர்ந்து இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று படித்ததில் எனக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயருக்காக உன் ஓசூர் வீட்டுக்கும் மருமகளின் பெங்களூர் வீட்டுக்கும் இழுபறி என்று எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் அதே இழுபறி இப்போதுதான் ஓய்ந்தது. பேத்திக்கு நெல்லி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று போனில் சொன்னபோது நீ சட்டென்று ஒன்றும் பேசவில்லை. அதனால் முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன். உன் வீட்டுக்கும் ஏதாவது உதவும்.

ஜெர்மனியில் இருக்கும் பெரியவளும் அந்த ஊர்க்காரரான மாப்பிள்ளையும் முதலில் ஒரு பட்டியல் அனுப்பினார்கள். மாயா, மீரா, தாரா, லீனா. ஜெர்மனியிலும் சரி, இங்கேயும் சரி, யாருக்கும் நாக்கு தடுக்காத பெயர்கள். அழகான பெயர்கள்தான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டில் பிறக்கிற நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த நாலைந்து பெயர்களையே கேட்கிறேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பது ஒன்றுதான் அந்தப் பட்டியலுக்குக் காரணம். கூப்பிடச் சுலபமாக இருந்தால் மட்டும் போதுமா? இரண்டு பக்கமும் அந்தப் பெயருக்கு ஒரு சொந்தம் இருக்க வேண்டாமா? இதைத்தான் மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்படி ஒரு பேரைக் கண்டுபிடிச்சுக் கொடும்மா, வெச்சிடறேன்" என்றாள்.

யாழினி என்று சொன்னேன். அந்த ஊரில் நம் ழவுக்காகப் போடுகிற ஆங்கில இசட் எழுத்தை 'ட்ஸ்' என்று படிப்பார்களாம். பள்ளிக்கூடத்தில் யாட்ஸினி என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்றாள். சரி, ஜனனி? ஜே எழுத்து அங்கே 'ய' ஆகிவிடும், யனனி. வெண்ணிலா எனக்கு மிகவும் பிடித்த பெயர். அங்கே காதில் விழுகிறபோது ஐஸ்கிரீம்தான் நினைவுக்கு வரும் என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். பாவம், அவருக்கு என் மனசு நோகக்கூடாதே என்ற கவலை. வீட்டில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர் என்று வைத்துவிடலாமே என்று என் தம்பி யோசனை சொன்னான். நம் ஊரில் அது வழக்கம்தான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே வீட்டுப் பெயரைக் கூப்பிடத் தெருவே இருக்கிறது. அங்கே தாய் ஒருத்தி மட்டும் கூப்பிட்டு எவ்வளவு நாள் அது நிற்கும்? பதிவில் இருக்கிற பெயர்தான் கடைசியில் பிள்ளையின் பெயராக ஆகும்.

யோசிக்க அவகாசமும் குறைவு. இங்கே பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டுப் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். தாமதக் கட்டணம் கட்டினால் 15 வருடம் வரைக்கும் விடுகிறார்கள். அங்கே பிறந்த ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் போயாக வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் ஒரு மாதம் பொறுப்பார்கள், அவ்வளவுதான். பிள்ளையின் நலனுக்குக் கெடுதல் என்று தோன்றினால் பெயரை மறுக்கவும் அந்த அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஒரு காலத்தில் பெயரைப் பார்த்ததும் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை அசைத்தது நம் நாட்டுப் பெயர் ஒன்றுதான், தெரியுமா? இந்திய வழிவந்த ஒரு குடும்பம் பெண் குழந்தைக்குக் கிரண் என்று பெயர் வைக்கப் போக, இது இரண்டு பாலுக்கும் பொதுவான பெயர், பெண் என்று தெரிகிற மாதிரி இன்னொரு பெயரும் சேர்த்து வையுங்கள் என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பரில் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பானது. பெயரைக் கொண்டே பாலைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்றது நீதிமன்றம். மகள் இதைச் சொன்னபோது நம் தர்மபுரிப் பக்கத்துக் காவேரிகளை நினைத்துக்கொண்டேன். ஆணுக்கும் காவேரி, பெண்ணுக்கும் காவேரி என்று வைத்துவிட்டு யாரும் குழம்பாமல்தானே இருக்கிறோம்.

நெல்லி எப்படி வந்தது என்று கேள். ஒருநாள் வீடியோவில் சம்பந்தியம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என்னென்ன பெயர்கள் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர்கள், அம்மாவுக்கு மூத்தவள், என்னைத் தூக்கி வளர்த்தவள் என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறினார்கள். அவர் முழுப்பெயர் ஹெலெனா. ஆனால் ஊர் முழுக்க நெல்லி என்றுதான் கூப்பிடுமாம். ஹெலெனா, கொர்னேலியா மாதிரிப் பெயர்களை அங்கே நெல்லி என்று சுருக்குகிறது பழைய வழக்கம். நெல்லி என்றே பதிந்து வைப்பதும் உண்டு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது சரோஜா. நெல்லி என்றால் நமக்கு யார் ஞாபகம் வரும்? தகடூரில், அதுதான் நம் தர்மபுரியில், பிறந்து வளர்ந்தவளுக்கு அதியமானைத் தவிர வேறு யார்?

உடனே அவர்களுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். எட்டாத மலைப் பிளவில் பழுத்த நெல்லிக்கனி, சாப்பிட்டவருக்கு நெடுநாள் ஆயுள் தரும் கனி, அதன் மகிமையை வெளியே சொல்லாமல் மறைத்து அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்குக் கொடுத்தான். தான் இருப்பதைவிடப் பாட்டுக் கட்டுகிறவள் இருக்கட்டும் என்று ஒரு அரசன் நினைத்தான். ஔவை அதைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டில் பாடி வைத்திருக்கிறாள். கல்லூரியில் படிக்கும்போது நாம் அதியமான்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களைப் பார்த்தோமே, அந்த மண்ணின் கதை இது என்றேன். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "நெலி" என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் வாயில் ல்ல அழுந்தாது, ஒற்றை ல தான் வருகிறது. நான் "நெல்லி" என்றேன். மறுபடி "நெலி" என்றார்கள். பரவாயில்லை, அது அவர்கள் வீட்டு நெல்லி. குழந்தை இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும்.

நம் பக்கம்தான் சமாதானம் சொல்ல நாளாயிற்று. பழத்தின் பெயரை யாராவது வைப்பார்களா என்று நாத்தனார் கேட்டாள். முல்லை வைக்கிறோம், செண்பகம் வைக்கிறோம், தாமரை வைக்கிறோம், நெல்லிக்கு மட்டும் என்ன குறை என்றேன். அடுத்தது நட்சத்திரம். குழந்தை மக நட்சத்திரம், மா, மீ, மூ, மே என்ற நான்கில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்துவிட்டார். நெல்லிக்கு நா, நீ, நூ, நே வரிசையில் வரும் அனுஷத்தில் பிறந்திருக்க வேண்டுமாம். இந்த எழுத்து வரிசையை நான் கொஞ்சம் கூர்ந்து பார்த்தேன். அஸ்தத்துக்கு ஷ, ண, ட என்றெல்லாம் இருக்கிறது. ணகரத்தில் தொடங்கும் பெயர் தமிழில் ஏது? நம் மொழிக்காக ஏற்பட்ட வரிசை இல்லை என்பது அங்கேயே தெரிகிறது. நம்புகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காக இந்தப் பெயரை விட எனக்கு மனம் வரவில்லை.

முடித்து வைத்தது எங்கள் மாமியார்தான். திண்ணையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் கொட்டையை ஒரு பக்கம், நாரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்கள். "எனக்கு நட்சத்திரம் பாத்தா பேரு வெச்சாங்க? மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கிட்டாங்க, மாதம்மான்னு வெச்சாங்க. அந்தம்மாவுக்கு அவங்க பெரியம்மா பேரு, நமக்கு ஔவையார் பழம். அப்புறம் என்ன?" அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது போனைக் காதில் வைத்ததும் "ஏ நெல்லி" என்று அவர்கள் போடும் சத்தம் தென்பெண்ணைக்கு அக்கரையில் கேட்கும். மகள் போனைக் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே பயப்படுகிறாள்.

இன்னொரு விஷயம். பாஸ்போர்ட்டில் மகளுக்குக் குடும்பப் பெயர் என்று கேட்ட கட்டத்தில் இவருடைய பெயரைத்தான் எழுதினோம். நம் வழக்கத்தில் அது அவள் இனிஷியல், கல்யாணமானால் கணவன் பெயருக்கு மாறும், பிள்ளைக்கு அதன் அப்பா பெயர் வரும், தலைமுறைக்கு ஒருமுறை மாறிக்கொண்டே போகும். அங்கே அப்படி இல்லை. 2025 மே 1 முதல் புதுச் சட்டம், தாய் தகப்பன் இருவரின் குடும்பப் பெயரையும் சேர்த்துப் பிள்ளைக்கு வைக்கலாம். மாப்பிள்ளையே முன்வந்து அப்படித்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, நெல்லிக்குப் பின்னால் தாத்தா பெயர், அதற்குப் பின்னால் அந்த வீட்டுப் பெயர். இவர் தன் பெயரை மின்கட்டண ரசீதில் தவிர எங்கும் பெரிதாகப் பார்த்ததில்லை. பிறப்புச் சான்றிதழின் படம் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் அக்கம்பக்கத்துக்கெல்லாம் பால்கோவா வாங்கி வந்துவிட்டார்.

உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு எங்களைவிடச் சுலபம் என்று நினைக்கிறேன். நம் எல்லைப் பக்கத்தில் பெயர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலங்காலமாகப் போய் வந்தபடிதான் இருக்கின்றன. அங்கே சென்னராயா, இங்கே சென்றாயன். அங்கே முனியப்பா, இங்கே முனியப்பன். மாதேஸ்வரன் மலை சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் மாது, மாதையன், மாதம்மாள் இல்லாத தெரு உண்டா? மருமகள் சொன்ன கானவி இனிமையான பெயர். ஆனால் கன்னடத்தில் க ஒலிக்கு நான்கு எழுத்து, நமக்கு ஒன்றே ஒன்று. உன் ஓசூர்ச் சொந்தம் கல்யாணப் பத்திரிகையில் எழுதும்போதும் வாசிக்கும்போதும் முதல் எழுத்தையே வேறாகச் சொல்வார்கள். அதேபோல நீ சொல்லும் எழிலரசியும் வேண்டாம். கன்னடத்தில் ழ வழக்கொழிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. பெங்களூர்ப் பாட்டி கடைசி வரை எளிலரசி என்றுதான் சொல்வார்கள், நீ ஒவ்வொரு முறையும் திருத்துவாய். அது உங்கள் இருவருக்கும் நல்லதில்லை.

பெண் பிறந்தால் மாதேவி என்று வையேன். அவர்களுக்கு அக்கமகாதேவி இருக்கிறாள், 12ஆம் நூற்றாண்டில் வசனம் பாடிய பெண்ணுக்குக் கன்னடத்தில் இருக்கும் மரியாதையை மருமகளிடமே கேட்டுப் பார். நமக்குச் செம்பியன் மாதேவி இருக்கிறாள், செங்கல் கோயில்களைக் கருங்கல்லாக மாற்றிக் கட்டிய சோழ அரசி. எழுத்துச் சிக்கல் இல்லை, ஒலிச் சிக்கல் இல்லை. பழைய பெயராக இருக்கிறதே என்று பிள்ளைகள் முகம் சுளித்தால் தேவி என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும். பையன் என்றால் மாதேஷ் இருக்கவே இருக்கிறது, பெங்களூரிலும் கேட்கலாம், பென்னாகரத்திலும் கேட்கலாம். ஆனால் ஒன்று, நீயாக இதை அறிவித்துவிடாதே. முதலில் சம்பந்தி வீட்டுக்குப் போய் அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களைக் கேட்டு உட்கார். அவர்கள் பட்டியலில் உனக்குப் பிடித்தது ஏதாவது தானாகவே வரும், அப்புறம் உன் பக்கத்துச் சொந்தத்தை நீ எடுத்துச் சொல்லலாம்.

இங்கே மற்றபடி எல்லாரும் நலம். மாமியாருக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. தோட்டத்தில் பெங்களூரா மாங்காய்க்கு மாம்பழக்கூழ் ஆலைக்காரர்கள் கேட்ட விலை பறிகூலிக்கே காணாது, செந்தூராவில்தான் கொஞ்சம் பணம் பார்த்தோம். சின்னவன் வேலை மாறப் போகிறேன் என்கிறான், எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. நெல்லியைக் கூட்டிக்கொண்டு மகள் வருகிறபோது ஓசூரில் இறங்கி உன்னைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் தெரியப்படுத்து. மருமகளுக்குக் காரம் பிடிக்கும் என்றாயே, வரும்போது நிப்பட் கொண்டு வருகிறேன். பூண்டு போட்டது வேண்டுமா, போடாததா என்று மட்டும் அவளிடம் கேட்டு எழுது.

உன் அன்புத் தோழி,
வசந்தா