ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் பாடத்தில் தவறான விடைகள்: புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு

பொருள்: ஆங்கில இலக்கணப் பாடத்தையும் மாதிரித் தேர்வின் விடைகளையும் திருத்தக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வங்கி கிளார்க் தேர்வுக்காக உங்கள் செயலியில் ஒரு வருடச் சந்தா கட்டிப் படித்துவருகிறேன். கணக்கு, ரீசனிங் பாடங்களில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பிரச்சினை ஆங்கிலத்தில் வரும் ஜெரண்ட் (வெர்போடு 'இங்' சேர்ந்து பெயர்ச்சொல்லாக வருவது), இன்ஃபினிட்டிவ் ('டு' போட்டு வரும் வெர்ப்) பாடத்தில்தான். ஒரே அர்த்தம் வரும் இடத்தில் ஒன்று தப்பு என்கிறீர்கள். அர்த்தமே மாறும் இடத்தில் எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறீர்கள்.

'இட் ஸ்டார்ட்டட்' என்று தொடங்கும் கேள்வியில் 'ரெயினிங்', 'டு ரெயின்' இரண்டுமே விடைப் பட்டியலில் இருக்கின்றன. 'டு ரெயின்' என்று தொட்டால் சிவப்பு, கூடவே கால் மதிப்பெண் கழிவு. ஸ்டார்ட், பிகின், கன்டின்யூ ஆகியவற்றுக்குப் பின்னால் இரண்டும் வரலாம். வாக்கியம் 'இட் இஸ் ஸ்டார்ட்டிங்' என்று இருந்தால் மட்டும், ஏற்கெனவே ஓர் 'இங்' இருப்பதால் 'டு ரெயின்' என்பதே வழக்கம். அதாவது, நீங்கள் தப்பு என்று கழித்த விடை.

சரி, அதுகூடப் போகட்டும். ஸ்டாப், ரிமெம்பர், ஃபர்கெட், ரிக்ரெட், ட்ரை ஆகியவற்றைப் பற்றிய வீடியோவில், 'இரண்டும் ஓகே, ஒரே மீனிங்' என்று ஆசிரியர் அடித்துச் சொல்கிறார். 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் அந்த மனிதர் சிகரெட்டையே விட்டுவிட்டார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு ஒன்றைப் பற்றவைத்தார். முதல் ஆளை டாக்டர் பாராட்டுவார், இரண்டாவது ஆளைத் திட்டுவார். 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் கதவைப் பூட்டியது நினைவிருக்கிறது. 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்றால் கதவை இனிமேல்தான் பூட்ட வேண்டும், மறக்காதே. ஃபர்கெட், ரிக்ரெட் இரண்டுக்கும் இதே கணக்குதான்: நடந்து முடிந்ததற்கு ஜெரண்ட், இனி செய்யப்போவதற்கு இன்ஃபினிட்டிவ். வேலை இல்லை என்று வரும் கடிதங்கள் 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று ஆரம்பிப்பது அதனால்தான். அங்கே 'இன்ஃபார்மிங்' என்று போட்டால், முன்பு சொல்லித் தொலைத்ததற்காக வருந்துகிறார்கள் என்றாகிவிடும். ட்ரை மட்டும் கொஞ்சம் வேறு. 'ட்ரை டு ஓபன் த விண்டோ' என்றால் ஜன்னலைத் திறக்க முயற்சி செய். திறக்குமா என்பதே சந்தேகம். 'ட்ரை ஓபனிங் த விண்டோ' என்றால் திறந்துதான் பாரேன், புழுக்கம் குறைகிறதா என்று.

அடுத்து, 'டு வந்தால் வெர்பின் முதல் வடிவம்தான்' என்று பெட்டி கட்டிப் போட்டிருக்கும் விதி. அதை நம்பி 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்பதைச் சரியான விடையாக வைத்திருக்கிறீர்கள். அங்கே இருக்கும் 'டு' இன்ஃபினிட்டிவின் 'டு' அல்ல, ப்ரெப்போசிஷன் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இணைப்புச் சொல்). பின்னால் 'மீட்டிங்'தான் வரும். இதை எழுதி அனுப்பியபோது, 'எங்கள் நிபுணர்கள் சரிபார்த்துவிட்டார்கள், விடை சரியே' என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் போட்டது. அந்த மெயிலின் கடைசி வரி: 'வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. பிசகில்லாத ஆங்கிலம். உங்கள் தேர்வில் எழுதினால் கால் மதிப்பெண் போயிருக்கும்!

கிளார்க் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். உட்கார்ந்து சந்தேகப்பட அங்கே நேரம் கிடையாது. மனதில் பதிந்ததைத்தான் கை தொடும். தப்பாகப் பதிந்திருந்தால் கழிவு என் மதிப்பெண்ணில், உங்கள் கணக்கில் அல்ல.

ஆகவே, அந்த வீடியோவை உடனே எடுத்துவிட்டுத் திருத்தியதைப் போடுங்கள். மாதிரித் தேர்வின் விடைகளை மாற்றி, எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண்ணை மறுபடி கணக்கிடுங்கள். விதிக்கு விதிவிலக்கு உண்டு என்றாவது அந்தப் பெட்டியில் ஒரு வரி சேருங்கள். இந்தக் கடிதத்துக்கும் பழைய பதிலையே ஒட்டி அனுப்புவதாக இருந்தால், மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தந்துவிடுங்கள். 15 நாட்களுக்குள் இரண்டில் ஒன்று நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

கேள்விகளின் ஸ்க்ரீன்ஷாட்டுகளையும் உங்கள் மெயிலின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்