எடை திரும்ப ஏறியவர்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு, இரண்டு மூன்று வருடத்தில் எடை மறுபடி ஏறியவர்கள் பலர், என்ன சொல்வார்களோ என்று கூசியே டாக்டரிடம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகப் புதுச்சேரியில் நாங்கள் நடத்தும் சந்திப்புகளுக்குத் தோள் கொடுத்தவர்கள் நீங்கள்.

டயட்டீஷியன்களே, "வாயைக் கட்டவில்லை" என்று நீங்கள் ஒருவரையும் குற்றம் சொன்னதில்லை. டீ, முறுக்கு உட்பட ஒரு வாரச் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னீர்கள். பலருக்குச் சிக்கல் சோற்றில் இல்லை. சர்க்கரை டீ, ஜூஸ், மிக்சரில் இருந்தது. சுருக்கிய இரைப்பையில் மீனும் பயறும் சற்றுத் தங்கும், வயிறு நிறையும். பானமும் வாயில் கரையும் தீனியும் சட்டென்று இறங்கிவிடுவதால், எவ்வளவு உள்ளே போனாலும் நிறைவு வராது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்வதும் இதனால்தான். முதலில் மீன், முட்டை, சுண்டல்; சோறு கடைசியில். ஒரு நாளைக்குப் பொதுவாக 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வெந்த மீனில் ஏறக்குறைய 20 கிராம்.

பெரிய மார்க்கெட்டில் சங்கராவையும் மத்தியையும் கழுவி, ஒரு வேளைக்கான அளவில் தனித்தனியாகக் கட்டித் தந்த அம்மாக்களே, அளவு பார்க்கும் வேலையில் பாதியை நீங்களே முடித்துவிட்டீர்கள்!

இரண்டாவது ஆபரேஷனுக்கு அவசரப்படாத டாக்டர்களுக்கு எங்கள் வணக்கம். தைராய்டு பார்த்தீர்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மாத்திரைகள் எடையைக் கூட்டும் என்பதால் மருந்துச் சீட்டு முழுவதையும் படித்தீர்கள். இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி நேரே குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்தவர்களுக்கு, இரைப்பையும் குடலும் சேரும் வாய் விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் தேடினீர்கள். பசி உண்மையிலேயே கூடியவர்களுக்கு மருந்தும் உண்டு என்று விளக்கினீர்கள். எடை கூடிய உடம்பிலும் வைட்டமின் பி12, இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். அதைச் சோதித்தது பெரிய உதவி. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதை அட்டையில் எழுதித் தந்த மருந்துக்கடைக்காரர்களையும் மறக்க மாட்டோம்.

சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு கடற்கரைச் சாலையில் கூட நடந்தவர்களுக்கும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று வற்புறுத்துவதை விட்ட வீட்டாருக்கும் மனமார்ந்த நன்றி. வராமல் நின்றுவிட்டவர்களை வீடு தேடிப் போய், எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அழைத்து வந்த மூத்த உறுப்பினர்களே, உங்களால்தான் அவர்கள் மறுபடி சிகிச்சைக்குள் வந்தார்கள்.

என்றும் நன்றியுடன்,
சந்திப்புக் குழுவினர்,
புதுச்சேரி