மேற்கத்திய இசை கேட்போர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, ஆலோசகர் பேராசிரியர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

முடிந்த கல்வியாண்டின் அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வாரம் ஒரு மாலை கூடிப் பாட்டுக் கேட்பதுதான் மன்றத்தின் வேலை. ஆகவே இதில் பெரும்பகுதி பாட்டைப் பற்றியே இருக்கும். கணக்கு வழக்கு கடைசியில் வரும்.

ஆண்டின் தொடக்கத்தில் செயற்குழு ஒரு விதி கொண்டுவந்தது. போட்ட பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் யாரும் தள்ளிவிடக் கூடாது. "பிடிக்காத பாட்டை எதுக்கு முழுசா கேக்கணும்?" என்று முதலாண்டு உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். கேள்வியில் நியாயம் இருந்தாலும் விதியைத் தளர்த்தவில்லை. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். அதற்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இன்றைய பல பாடல்களின் தொடக்கத்திலேயே தெரிகிறது. முன்னிசை சுருங்கிவிட்டது, பல்லவி முன்னால் ஓடி வந்துவிடுகிறது.

இதைக் காட்டுவதற்காகவே முதல் கூட்டத்தில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' போட்டோம். 1982இல் வந்த 'திரில்லர்' தொகுப்பில் உள்ளது. டிரம், பிறகு பேஸ், பிறகு கீபோர்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, குரல் வரவே ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸே முன்னிசை நீளம் என்று குறைக்கச் சொன்னார். தன்னை ஆட வைப்பதே அந்த இடம்தான் என்று ஜாக்சன் மறுத்துவிட்டார். விதியை எதிர்த்தவர்களில் பாதிப்பேர் அந்த அரை நிமிடத்திலேயே காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' (1976) கேட்காத கல்லூரி விடுதி இருக்குமா தெரியவில்லை. ஆனால் பலருக்கும் அந்தப் பாட்டு, பாடுவது நின்றதும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் இருக்கிறது. டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரில் மாறி மாறிப் பேசிக்கொண்டு, கடைசியில் இருவரும் சேர்ந்தே இழைவார்கள். மன்றத்தில் கிட்டார் கற்கும் உறுப்பினர் ஒருவர் அந்தப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லி அடம்பிடித்தார். விதியில் அதற்குத் தடை இல்லை என்பதால் போட்டோம்.

இனி ஒலிபெருக்கி விவகாரம். இரண்டாம் பருவத்தில் இடப்பக்க ஒலிபெருக்கி பழுதாகி, பழுதுபார்க்கக் கொடுத்தது பல வாரம் திரும்பி வரவில்லை. இதைப் பற்றி வந்த புகார்கள் எல்லாம் நியாயமானவை. ஆனால் அந்த வாரங்களில் ஒரு நன்மையும் நடந்தது. 1965இல் வந்த பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' தொகுப்பைப் போட்டோம். அதன் ஸ்டீரியோ பதிவில் குரல்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் வாத்தியங்கள் இடப்பக்கமும் இருக்கும். வலப்பக்கம் மட்டும் ஒலித்ததால் குரல்கள் தனித்து நின்றன. மூன்று பேர் ஒத்துப் பாடும்போது யார் மேலே போகிறார், யார் கீழே தங்குகிறார் என்பது அன்றைக்குத்தான் பலருக்குப் பிடிபட்டது.

அந்தத் துணிச்சலில் அடுத்த வாரம் குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்ஸடி'யைப் போட்டதுதான் வம்பாகிவிட்டது. நடுவில் வரும் ஓபராப் பகுதியில் குரல்கள் இடமும் வலமும் தாவித் தாவி ஒன்றையொன்று கூப்பிடும். எங்களுக்குப் பாதிக் குரல்களே கேட்டன, தொலைபேசியில் ஒருபக்கப் பேச்சை மட்டும் கேட்பது போல. ஒலிபெருக்கி சரியாகி வந்ததும் அதே பாட்டைத்தான் முதலில் போட்டோம். அவ்வளவு பெரிய கூட்டுக்குரல், பிரெடி மெர்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் என்ற மூன்றே பேர் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியது என்று சொன்னபோது யாரும் எளிதில் நம்பவில்லை. 1975இல், ஆறு நிமிடத்தைத் தொடும் பாட்டை வானொலி தொடாது என்றுதான் இசைத்தட்டுத் தொழிலில் சொன்னார்கள். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. மெர்குரி மறைந்த 1991இல் மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது.

மூன்று நிமிடம் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய பத்தங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். தட்டு போன பிறகும் பழக்கம் போகவில்லை.

நீளத்தைப் பற்றிய பேச்சு டெய்லர் ஸ்விஃப்டின் 'ஆல் டூ வெல்' வந்தபோது சண்டையாகவே மாறியது. 2012இல் வந்தது ஐந்தரை நிமிடம், 2021இல் வந்த அதன் நீண்ட வடிவம் பத்து நிமிடம் சொச்சம். அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்களில் இதுவே நீளமானது. அதுவரை அந்தப் பெருமை டான் மெக்லீனின் 'அமெரிக்கன் பை'யிடம் இருந்தது. என்னைக் கேட்டால் ஐந்தரை நிமிடமே போதும். செயலாளரின் சொந்தக் கருத்தை அறிக்கையில் சேர்க்கக் கூடாது என்று பொருளாளர் சொல்லிப் பார்த்தார். சேர்த்துவிட்டேன்.

வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மாலைகளும் நடந்தன. போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' (1983) காதல் பாட்டு என்று நினைத்து வந்தவர்கள், ஒருத்தியை விடாமல் கண்காணிப்பவனின் பாட்டு அது என்று தெரிந்ததும் நெளிந்தார்கள். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' (1984) பல்லவியை மட்டும் கேட்டால் நாட்டுப்பற்று முழக்கம். சரணங்களில் இருப்பது வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி, வேலை கிடைக்காமல் அலைபவனின் கதை. இதற்கு நேர்மாறு பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் 'ஐ வான்ட் இட் தட் வே' (1999). வரிகளுக்குப் பொருள் தேடிக் களைத்துவிட்டோம். எழுதிய இருவரும் ஸ்வீடன்காரர்கள், வார்த்தையின் ஓசைக்கே முதலிடம் கொடுத்தவர்கள். அவர்களில் ஒருவரான மாக்ஸ் மார்ட்டினின் பெயர் 2019இல் வந்த தி வீக்எண்டின் 'பிளைண்டிங் லைட்ஸ்' பாட்டிலும் இருக்கிறது. அண்ணன்மார் பாட்டு, தம்பிமார் பாட்டு என்று மன்றத்தில் நடக்கும் வாக்குவாதம் அதன்பின் கொஞ்சம் அடங்கியது. கேட் புஷ்ஷின் 1985ஆம் ஆண்டுப் பாட்டான 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒரு தொடரின் மூலம் 2022இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த கதையையும் சொன்னேன். அது புதுப் பாட்டு என்றே நினைத்திருந்தவர்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து நூலகத்திலிருந்து சத்தம் பற்றி எழுத்துமூலம் புகார் வந்தது. ஒலியைக் குறைத்துவிட்டோம். காதில் மாட்டிக் கேட்போருக்கும் சொல்கிறேன்: வாரம் 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று மாலைக்குள் கட்டினால்தான் நாளைய தேர்தலில் வாக்களிக்க முடியும். முழுப் பாட்டு விதியை வரும் ஆண்டும் தொடர வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்மொழிகிறேன். பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டுகளுக்கு விலக்கு கேட்டு வந்த திருத்தமும் உங்கள் முன் இருக்கிறது. இரண்டையும் விவாதித்து, அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்