2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், துணைத்தலைவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், கத்தோலிக்கப் பங்குப்பேரவை, கோயில் நிர்வாகம், அய்யாவழி நிழல்தாங்கல், சி.எஸ்.ஐ. சேகரம் ஆகியவற்றிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களுக்கும், சங்கத்தின் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் என் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் எல்லா வழிபாட்டினருக்கும் பொதுவான நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இக்கூட்டம் சென்ற மாதமே நடந்திருக்க வேண்டும். அன்று வருகை போதாமல் கலைந்து போனோம் என்பதை வந்திருந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களும் அறிய வேண்டும் என்பதற்காக இங்கே பதிவு செய்கிறேன்.

வைகாசி விசாகத்தின்போது கன்னியாகுமரி பகவதி அம்மன் தேரோட்டத்துக்குச் சென்ற நம் ஊர்ப் பக்தர்களுக்கு மோர் வழங்கினோம். ஆடி அமாவாசையன்று முக்கடல் சங்கமத்தில் முன்னோருக்குப் பலி தர்ப்பணம் கொடுக்க வந்த முதியவர்களுக்கு நம் இளைஞர்கள் துணை நின்றார்கள். செப்டம்பர் 7 விநாயகர் சதுர்த்தியும், 8 மாதா பிறந்தநாளும், 15 திருவோணமும் அமைதியாக நடந்தேறின. நவராத்திரிக்கு முன்பு சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளியபோது வழியனுப்பச் சென்றோம். அக்டோபர் 31 தீபாவளி, நவம்பர் 1 மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என மூன்று நாட்கள் தொடர்ந்து வந்ததால், கல்லறைத்தோட்டத்துப் பாதையைச் சுத்தம் செய்யும் பணியைத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறே முடித்தோம். அப்பணிக்கு மண்வெட்டியோடு முதலில் வந்து நின்றவர்கள் கோயில் தெரு இளைஞர்கள் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்குச் சென்ற ஆண்டைப் போலவே டிசம்பர் 3 அன்று திரளாகச் சென்றோம். அதற்கு முன், நவம்பர் 30 மாலை, ஒக்கிப் புயலில் போனவர்களுக்காகக் கரையில் விளக்கேற்றினோம். 2017-ல் அப்புயல் அடித்ததும் இதே திருவிழா நாட்களில்தான்.

இனி, இவ்வாண்டின் முதன்மைப் பணியாக நான் கருதுவதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அது நம் பொது விழா நாட்காட்டி.

இந்த மாவட்டத்தில் வழிபாடுகள் வெவ்வேறு கணக்கில் நடக்கின்றன. சவேரியார் திருநாள் என்றும் டிசம்பர் 3. சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழாவோ திருவாதிரை நட்சத்திரத்தைப் பார்த்து நிற்பது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை எங்கும் வரலாம். 2023-ல் திருவாதிரை டிசம்பர் 27 அன்று வந்தது. அடுத்தது 2025 ஜனவரி 13-க்குப் போனது. மண்டைக்காட்டு மாசிக் கொடை, மாசி மாதக் கடைசிச் செவ்வாயில் நிறைவுபெறும்படி பத்து நாள் நடப்பது. அய்யா வைகுண்டர் அவதார தினம் மாசி 20. உயிர்ப்புப் பெருவிழாவோ மார்ச் 21ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு. அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் திருநீற்றுப் புதன் வரும். இவ்வளவையும் ஒரே தாளில் எழுதினால் மட்டுமே எந்த வாரத்தில் எத்தனை தேர், எத்தனை ஊர்வலம், எத்தனை மைக்செட் நம் கடற்கரைச் சாலையில் சந்திக்கும் என்பது தெரியவரும். இவ்வாண்டு மார்ச் 2 மண்டைக்காட்டில் கொடியேற்றம். அன்றே நம் இஸ்லாமிய அன்பர்களின் நோன்பும் தொடங்கியது. 4 அய்யா வைகுண்டர் அவதார தினப் பேரணி நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு. 5 திருநீற்றுப் புதன். நான்கு நாட்களில் இத்தனையும் அடங்கின.

இந்த வேலை எதற்கு, அவரவர் விழாவை அவரவர் நடத்திக்கொண்டால் போதாதா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். அவருக்கு வயது குறைவு. 1982-ல் மாசிக் கொடைக் காலத்தில் மண்டைக்காட்டில் மூண்ட இந்து–கிறிஸ்தவக் கலவரம் கடற்கரையையும் உட்பகுதி ஊர்களையும் எப்படிப் பிரித்துப் போட்டது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். அதன் பின் குன்றக்குடி அடிகளார் இம்மாவட்டத்துக்கு வந்து அமைதிப் பணி செய்த நாட்களில் நான் மாணவன். பெரிய பகைகள் பெரிய காரணங்களால்தான் தொடங்கும் என்பதில்லை. ஊர்வலம் எந்த வழியாகப் போவது, மேளம் எங்கே நிற்பது, கூம்பு ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பியிருப்பது என்பவற்றை முன்கூட்டிப் பேசித் தீர்க்காத ஊரில் எதுவும் நடக்கலாம். ஆகவேதான் ஆடி முதல் ஞாயிறு அன்று எல்லா விழாக் குழுக்களும் ஒன்றாக அமர்ந்து தேதிகளை எழுதிவிட வேண்டும் என்று இப்பொறுப்பை ஏற்ற நாள் முதல் மன்றாடி வருகிறேன்.

2024 ஜூலை 21 அன்று நடந்த அந்தக் கூட்டத்துக்குப் பதினொரு குழுக்களுக்கு நேரில் சென்று அழைப்புக் கொடுத்தேன். வந்தவை ஐந்து. எஞ்சிய ஆறு குழுக்களின் தேதிகளைக் கேட்டு மாலைதோறும் வீடு வீடாக நடந்தேன். ஒரு குழுவின் பொறுப்பாளர் வீட்டுக்கு நான்கு முறை சென்றும், உள்ளே பேச்சுக்குரல் கேட்டும், ஆள் இல்லை என்ற பதிலே கிடைத்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அறிக்கை முழுமையாகாது.

அந்தக் கூட்டத்துக்கு வராததன் பலனை டிசம்பரில் கண்டோம். 2024 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் 20ஆம் ஆண்டு நினைவு நாள். மணக்குடிப் பாலத்தையே பெயர்த்தெறிந்த அந்த நாளில் உயிரிழந்தவர்களின் வீடுகள் நம் கரையில் எத்தனை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளே வரும் துக்கம் அது; அன்றிரவு வீட்டு முகப்பில் தொங்கும் நட்சத்திர விளக்குகளை அணைத்து வைப்பதை நம் ஊர் இருபது ஆண்டுகளாகக் கைக்கொண்டு வருகிறது. அதே இரவில் ஆடல் பாடல் நிகழ்ச்சி என்று ஒரு குழு அச்சடித்த நோட்டீஸ் டிசம்பர் 20 அன்று தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அவர்கள் தீய எண்ணத்தில் செய்யவில்லை. இசைக்குழு கிடைத்த தேதியைப் பிடித்துவிட்டார்கள். பொருளாளரும் நானும் மூன்று இரவுகள் பேசி, முன்பணத்தில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்பதாகச் சொல்லி, நிகழ்ச்சியை 28-க்கு மாற்றினோம். அந்தப் பங்கை ஏன் சங்கம் கொடுத்தது என்று இப்போது கேட்கிறார்கள். அந்த 26ஆம் தேதி இரவு கரையில் மெழுகுவர்த்திகளோடு நின்ற தாய்மார்களில், மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒருவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். செலவுக்கு என்னிடம் உள்ள விளக்கம் அவ்வளவே.

நாட்காட்டி பயன்பட்ட இடத்தையும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 12 சுசீந்திரம் தேரோட்டம், 13 திருவாதிரை, 14 பொங்கல், அதே 14 அன்று புனித தேவசகாயம் திருநாள். 1752-ல் அதே தேதியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவருக்கு 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் வழங்கப்பட்ட பின், மலைக்குச் செல்லும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. போதாக்குறைக்கு, டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டதால் வெளியூர் வாகனங்கள் சாலையை அடைத்திருந்தன. இந்த நான்கு விழாக்களும் நெருங்கி வருவதை ஜூலையிலேயே கண்டு எழுதி வைத்திருந்தோம். அதனால் தோவாளைச் சந்தையில் பிச்சியும் அரளியும் விலையேறும் முன் கோயிலுக்கும் ஆலயத்துக்கும் சேர்த்து ஒரே வியாபாரியிடம் சொல்லி வைக்க முடிந்தது.

தண்ணீர்ப் பந்தலும் அவ்வாறே. சங்கத்தின் பெயர் வெட்டிய மூன்று பெரிய அண்டாக்கள் 12 அன்று காலை தொடங்கித் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை சுசீந்திரத்தில் நிறைந்தும் ஒழிந்தும் இருந்தன. இரவு பத்து மணிக்கு அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, டெம்போவில் ஏற்றி, 14 அதிகாலையில் காற்றாடிமலை அடிவாரத்தில் இறக்கினோம். தேரடியில் நின்று மோர் குடித்த பெரியவர் ஒருவர், பேத்தியை அழைத்துக்கொண்டு மலைக்கும் வந்து, அண்டாவின் கழுத்தில் இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்து, இது அங்கிருந்த பாத்திரமல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றோம். மூன்றாம் அண்டாவின் ஒரு காது அந்தப் பயணத்தில் பெயர்ந்துவிட்டது; பற்றவைக்க வேண்டும்.

மகா சிவராத்திரிக்கு, பன்னிரு சிவன் கோயில்களை ஓடிச் சென்று தரிசிக்கும் சிவாலய ஓட்டம் சென்ற ஒன்பது இளைஞர்கள், முஞ்சிறையில் தொடங்கிப் பன்னிரண்டாம் தலமான திருநட்டாலத்தில் முடித்துத் திரும்பினார்கள். அந்த நட்டாலம்தான் தேவசகாயம் பிறந்த ஊரும் என்பதால், வழியில் அவர் பிறந்த இடத்தையும் பார்த்து வந்ததாகச் சொன்னார்கள். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததன்று.

செயற்குழு இவ்வாண்டு எட்டு முறை கூடியது. எட்டுக்கும் வந்தவர்கள் நால்வர். இரண்டுக்கு மேல் வராத உறுப்பினர்களின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் உள்ளன; அவற்றை இங்கே வாசிக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் விழா மேடையில் நாற்காலி போடும்போது முதல் வரிசையில் இடம் கேட்பவர்கள், அந்த நாற்காலிகளுக்கு வாடகை பேசும் கூட்டத்திலும் ஒரு மணி நேரம் அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தாவைப் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை சின்னமுட்டம் பக்கத்திலும், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மணக்குடிக்கு மேற்கிலும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நம் உறுப்பினர்கள் இரு பக்கமும் தொழில் செய்வதால், அந்த மாதங்களில் கடற்கரை வீடுகளில் ரசீது புத்தகத்தை நீட்டுவதில்லை என்று நாமே தீர்மானித்தோம். வியப்பு என்னவென்றால், தடைக்காலம் முடிந்ததும் கேட்காமலே கொண்டுவந்து கட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடற்கரை வீட்டினர். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறும் நம்மில் பலருக்கு இரண்டு ஆண்டு நிலுவை இருக்கிறது. ஆண்டுக்கு 300 ரூபாய், பெருந்தொகை அன்று. கோயிலுக்குத் தலைக்கட்டு வரியும் ஆலயத்துக்குக் காணிக்கையும் தவறாமல் கொடுக்கும் கை, இரண்டுக்கும் பொதுவான சங்கத்தின் முன் ஏன் தயங்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா, நன்கொடை, நாட்காட்டி விளம்பரம் ஆகியவற்றால் வந்த வரவு செலவுக்குச் சற்றே குறைந்தது. குறைந்ததைச் சென்ற ஆண்டு இருப்பிலிருந்து ஈடு செய்தோம். பந்தல், டெம்போ வாடகை, அச்சுக்கூலி ஆகியவையே பெருஞ்செலவுகள். மைக்செட் முன்பணம் ஒன்று திரும்பி வர வேண்டியுள்ளது, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

எல்லா நாளும் பாதுகாப்பளித்த காவல்துறையினருக்கும், குடிநீர் தந்துதவிய ஊராட்சிக்கும், இடம் தந்த பள்ளிக்கும், பங்குத்தந்தைக்கும், கோயில் பூசகருக்கும், நிழல்தாங்கல் பணிவிடையாளருக்கும், சபை ஊழியருக்கும், பந்தலில் நின்ற தாய்மார்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். கார்த்திகையன்று ஓலைக் கொழுக்கட்டைக்குப் பனங்குருத்து வெட்டித் தந்த பெரியவருக்கு என் தனிப்பட்ட நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். திருவாதிரை 2026 ஜனவரி 3-ல் வருவதால், சுசீந்திரத்துப் பத்து நாள் விழாவின் கொடியேற்றம் 2025 டிசம்பர் 25 அன்றே அமைகிறது. கோட்டாற்று வலம்புரி விநாயகரும் வேளிமலைக் குமரனும் தாய்தந்தையர் விழாவுக்கு வந்து சேரும் மக்கள்மார் சந்திப்பு 27-ல்; அதற்கு முந்தைய நாள் ஆழிப்பேரலை நினைவு. தேரோட்டம் புத்தாண்டுக்கு மறுநாள். அந்தப் பத்து நாட்களையும் ஒரு செயலாளரும் ஒரு பொருளாளரும் ஒரு சைக்கிளும் மட்டுமாகத் தாங்க முடியாது. எனக்கு உடல்நிலை முன்போல் இல்லை. இளையவர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்க முன்வந்தால், நாட்காட்டிக் குறிப்பேடுகளையும் பதிவேடுகளையும் இன்றே ஒப்படைத்து அவருக்குத் துணை நிற்பேன். முன்வராவிட்டால், பொதுக்குழு சொல்வதற்குக் கட்டுப்படுவேன்.

விழாக் குழுக்களின் கூட்டம் ஜூலை 20, ஆடி முதல் ஞாயிறு, மாலை 4 மணிக்குப் பள்ளி வளாகத்தில் நடைபெறும். மேற்குக் கரையில் அப்போதும் தடைக்காலம் நீடிப்பதால் விசைப்படகுத் தொழிலாளர்களும் கரையில் இருப்பார்கள். ஒவ்வொரு குழுவும் தேதி, ஊர்வலப் பாதை, மைக்செட் நேரம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு வருமாறு வேண்டுகிறேன். ரசீது புத்தகமும் அங்கே இருக்கும்.

இவண்,
செயலாளர்