தம்பி, முதலில் அந்த டியூஷனை நிறுத்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் மகன் வாசிக்கத் திணறுகிற பேச்சைப் போனில் எடுத்தாலே "அப்புறம் பேசுதேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தபோது என் மருமகன் திண்ணையில் தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான். முதல் வரியில் 'மரம்' என்று சரியாக வாசித்தான். மூன்றாவது வரியில் அதே மரம் வந்ததும் நின்றுவிட்டான், படத்தைப் பார்த்தான், அப்புறம் 'படம்' என்றான். "இப்பம் வாசிச்ச எழுத்து அதுக்குள்ள எங்கல போச்சு?" என்று நீ தலையில் குட்டினாய். அவன் அழவில்லை. அந்தச் சொல்லுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான், நகம் வெளுத்துப்போயிருந்தது.

அதே பிள்ளைதான் உன்னோடு களக்காட்டுக்கு வாழைத்தார் ஏலத்துக்கு வந்துவிட்டு, எந்தத் தார் என்ன விலைக்குப் போனது என்று ராத்திரி வரிசையாக ஒப்பித்தான். அவனையா மந்தம் என்கிறாய்?

இது டிஸ்லெக்சியாவாக, அதாவது வாசிப்பதில் வருகிற கற்றல் குறைபாடாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், உறுதியாகச் சொல்ல என்னாலோ டியூஷன் டீச்சராலோ முடியாது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள். கொம்பு முன்னால், 'க' நடுவில், கால் பின்னால். ஆனால் வாயில் முதலில் வருவது க் என்ற ஒலி, கொம்பும் காலும் சேர்ந்துதான் அதற்குப் பின்னால் வரும் ஒ. நமக்குப் பழகிப்போனதால் இது உறுத்துவதில்லை. இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு எழுத்தையும் ஒலியையும் கோப்பது ஒவ்வொரு தடவையும் புதுசாகச் செய்கிற வேலை, அதில் புத்திக்குக் குறைச்சல் ஒன்றும் கிடையாது.

என் மகள் விஷயத்தில் நான் செய்ததைத்தான் நீயும் செய்கிறாய். மூன்றாம் வகுப்பில் "கவனமே இல்லை" என்றார்கள், நம்பினேன். இரண்டு டியூஷன், கையெழுத்து கிளாஸ், அபாகஸ். திங்கட்கிழமை காலையானால் அவளுக்கு வயிற்றுவலி வரும், நடிக்கிறாள் என்று அடித்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில்தான் இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக்கே கூட்டிப்போனேன். அந்த இரண்டு வருஷத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியில்லை.

சோதனை என்றால் ஊசி, மாத்திரை இல்லை. முதலில் கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு உளவியலாளர் புத்திக்கூர்மையைப் பார்ப்பார், வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லி எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிப்பார். அதற்கப்புறம் சிறப்பாசிரியரிடம் பயிற்சி. என் மகளுக்குத் தட்டில் ரவையைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள், வாரம் மூன்று நாள், மாதக்கணக்கில். இன்றைக்கும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள், ஆனால் வாசிக்கிறாள்.

இந்தச் சோதனைக்காகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குள் போனால் நாலு பேர் பார்ப்பார்களே என்று உன் வீட்டில் பயப்படுவது எனக்குத் தெரியும். பார்க்கட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கேட்டு வாங்கலாம். அது அவன் உரிமை, யாரும் போடுகிற பிச்சை இல்லை. கல்வித்துறை நடத்துகிற உங்கள் வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் உண்டு, பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள்.

அவனுக்கு 8 வயது முடிந்துவிட்டது, இனியும் தள்ளாதே. வருகிற செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுகிறேன். ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். பழைய நோட்டுகளைப் பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதே, சிவப்பு மையில் சுழித்த பக்கங்களோடு அப்படியே கொண்டு வா, அங்கே கேட்பார்கள். எங்கே போகிறோம் என்று கேட்டான் என்றால் மறைக்காதே, உனக்கு வாசிக்க ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அத்தையோடு போகிறோம் என்று சொல்லு.

உன் அக்கா